பனிமலைக்கு ஆள் திரட்டுகிறவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் குளிர்காலச் சுற்றுலாவைப் பற்றி முழுப்பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். குல்மார்க், ஔலி, சோலாங் என்று வரிசையாக ஊர்கள். எங்கே தங்கலாம், எங்கே நம் ஊர்ச் சாப்பாடு கிடைக்கும், சென்னையிலிருந்து குழுவாகப் போனால் எவ்வளவு மிச்சம் என்ற விவரங்கள். கம்பளிக் குல்லாயோடு பனியை வாரி இறைக்கும் பிள்ளைகளின் படம். பனிச்சறுக்கை யார் வேண்டுமானாலும் ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம் என்று ஓர் உறுதிமொழி வேறு. பனிச்சரிவைப் பற்றியோ, உறைகுளிர் உடம்பை என்ன செய்யும் என்பதைப் பற்றியோ ஒரு வரியும் இல்லை. பக்கத்தின் அடியில் இரண்டு பயண ஏற்பாட்டாளர்களின் விளம்பரம் இருந்தது. அதையும் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் திருவொற்றியூரில் வசிக்கிறேன். மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் பாதுகாப்பு மேற்பார்வை என் வேலை. தலைக்கவசம் இல்லாமல் வாசலைத் தாண்டுகிறவரைத் திருப்பி அனுப்புவதும், அதற்காகத் திட்டு வாங்குவதும் எனக்குப் பழகிப்போனவை. இந்தக் குளிர்காலத்தில் யார்டு ஆட்களும் குடும்பத்தாருமாக ஒரு கூட்டம் குல்மார்க் போய் வந்தோம். ஸ்கீ கட்டிக்கொண்டு சறுக்கவும் செய்தோம். ஆனால் அங்கே கற்றதில் சறுக்கல் கால் பங்குதான். மீதி முக்கால் பங்கு, பனிமலையில் உயிரைக் காத்துக்கொள்வது எப்படி என்பது. அது எங்கள் பயணத் திட்டத்தில் இல்லை. பணம் வாங்கியவர் அதைச் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. தற்செயலாக வாய்த்த ஒரு பயிற்றுநரால் கிடைத்தது. தற்செயலை நம்பிக் குடும்பம் குடும்பமாக ஆட்களை ரயிலேற்றக் கூடாது என்பதே நான் சொல்ல வந்தது.

புறப்படுவதற்கு முன் ஏற்பாட்டாளர் எங்களைப் பாரிமுனையில் ஒரு மாடி அறைக்கு அழைத்துக் கூட்டம் போட்டார். (பெயர் வேண்டாம்; இந்தத் தொழிலில் அவர் ஒருவர் மட்டும் இப்படி இல்லை.) காலைச் சிற்றுண்டி, பஸ்ஸில் ஜன்னல் இருக்கை, புகைப்படம் எடுக்கத் தோதான இடங்கள் என்று நெடுநேரம் பேசினார். பனிச்சரிவு எச்சரிக்கை வந்தால் என்ன ஏற்பாடு என்று கேட்டேன். "மேடம், அதெல்லாம் எல்லையில் இருக்கிற ராணுவத்துக்காரர்களுக்கு. டூரிஸ்ட் போகிற இடத்தில் வராது" என்றார், சிரித்துக்கொண்டே. 2023 பிப்ரவரி 1 அன்று அதே குல்மார்க்கின் அஃபர்வாட் மலையில் பனிச்சரிவில் சிக்கி இறந்த போலந்து நாட்டவர் இருவரும் பனிச்சறுக்குக்கு வந்தவர்கள்தான். மறு ஆண்டு அதே பிப்ரவரியில் கிலன்மார்க் பக்கம் இறந்த ரஷ்யரும் அப்படித்தான். ராணுவத்துக்காரர்கள் என்றாரே, 2010 பிப்ரவரியில் குல்மார்க் அருகே மலைப்போர்ப் பயிற்சியில் இருந்த வீரர்கள் 17 பேரைப் பனிச்சரிவு கொண்டுபோயிற்று. பயிற்சி பெற்ற வீரர்களுக்கே அந்தக் கதி என்றால், தண்டையார்பேட்டையிலிருந்து முதல் தடவையாகப் பனியைப் பார்க்கப் போகிறவர்களுக்கு அதைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொல்ல வேண்டாமா?

இன்னொன்றையும் அவர் சொல்லவில்லை. நம் ஊர் ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு மட்டும்தான் எடுபடும். ரயில் ஜம்மு எல்லைக்குள் நுழைந்ததும் கூட்டத்தில் பாதிப் பேரின் கைப்பேசி ஊமையாகிவிட்டது. வீட்டுக்குப் பேச முடியவில்லை என்ற புலம்பல்தான் பெரிதாகக் கேட்டது. மலையில் யாராவது வழிதவறினால் எப்படி அழைப்பது என்று நான் கேட்டபோது பெட்டியில் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

தங்மார்க்கில், வண்டிச் சக்கரங்களுக்குச் சங்கிலி கட்டும் இடத்தில், பயிற்றுநர் எங்களோடு சேர்ந்துகொண்டார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். ஃபெரன் என்ற நீண்ட அங்கிக்குள், தணல் நிரப்பிய காங்ரிச் சட்டியை அணைத்தபடி வந்து பஸ்ஸில் ஏறினார். எங்கள் பையன்கள் அன்றே அவரை 'மாஸ்டர்' ஆக்கிவிட்டார்கள். அவர் இந்தியில் பேசியதைச் சௌகார்பேட்டையில் பிறந்து வளர்ந்த எங்கள் கணக்கர் தமிழில் சொன்னார். "அக்கா, இவர் உங்களைவிடக் கண்டிப்பு" என்று மாஸ்டர் சொல்லாததையும் முதல் வாக்கியத்திலேயே சேர்த்துக்கொண்டார்.

முதல் நாள் காலை ஸ்கீயைத் தொடவே விடவில்லை. வரிசையில் நிற்கவைத்து உடையைச் சோதித்தார். ஜீன்ஸ், பருத்தி பனியன், பருத்திக் காலுறை என்று நம் ஊர் வெயிலுக்கு இதமான எல்லாவற்றையும் மாற்றச் சொன்னார். பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும்; நடையை நிறுத்திய மாத்திரத்தில் அந்த ஈரம் உடம்புச் சூட்டை உறிஞ்சத் தொடங்கிவிடும். உள்ளே கம்பளியோ செயற்கை இழையோ, நடுவில் சூடு காக்கும் ஓர் அடுக்கு, வெளியே காற்றும் ஈரமும் புகாத ஓர் அடுக்கு. வியர்க்கும் முன் ஒன்றைக் கழற்ற வேண்டும், குளிரும் முன் போட்டுக்கொள்ள வேண்டும். நடைபாதையில் வாங்கி வந்திருந்த கறுப்புக் கண்ணாடிகளையும் ஒதுக்கினார். புதிதாக விழுந்த பனி, தன் மேல் படும் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். அந்தக் கதிரைத் தடுக்காத வெறும் கறுப்புக் கண்ணாடியைப் போட்டால் கண்மணி விரிந்து கூடுதலாகவே உள்ளே வாங்கும். பகலில் ஒன்றும் தெரியாது. இரவில் கண்ணைத் திறக்க முடியாத வலி வரும்.

பிறகு எங்களை இருவர் இருவராகப் பிரித்தார். ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மூக்கு நுனியிலோ கன்னத்திலோ மெழுகு நிறத்தில் வெள்ளைத் திட்டு தெரிந்தால் உடனே சொல்ல வேண்டும். உறைகிற இடம் மரத்துப்போவதால் உரியவருக்கு அது தெரியாது. அன்று மாலையே இதன் இன்னொரு பக்கத்தைப் பார்த்தோம். விடுதிக்குத் திரும்பியதும் கிரேன் ஆபரேட்டரின் மகன் மரத்துப்போன விரல்களைக் காங்ரிச் சட்டியின் தணல் மேல் வைக்கப் போனான். மாஸ்டர் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். உணர்ச்சியில்லாத விரல் பொசுங்கினாலும் தெரியாது. அக்குளில் வைத்துக்கொள்ளச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் விரல்கள் சிவந்து, பையன் வலியில் முனகினான். வலிப்பது நல்லது என்றார் மாஸ்டர். உண்மையிலேயே உறைந்துபோன விரல் என்றால் 37 முதல் 39 டிகிரிச் சூடுள்ள நீரில் வைத்து மீட்க வேண்டும், அதுவும் மறுபடி உறைய வாய்ப்பில்லை என்றால் மட்டும். பனியை வைத்துத் தேய்ப்பது தோலைக் கிழிக்கும் வேலை.

பெட்டிக்கடியில் ரம் பாட்டிலை ஒளித்து வந்திருந்தவர்களுக்கும் அன்று பாடம் இருந்தது. மது தோலின் ரத்த நாளங்களை விரித்துவிடும்; சூடு ஏறுவது போலத் தோன்றும்போதே உள்ளுடம்பின் சூடு வெளியேறிக்கொண்டிருக்கும். உள்ளுடம்பு 35 டிகிரிக்குக் கீழே போனால் நடுக்கம், நாக்குக் குழறல், கால் இடறல், ஜிப்பை இழுக்க வராத விரல்கள். இன்னும் கீழே போனால் நடுக்கம் நின்றுவிடும். நடுக்கம் நின்றதும் ஆள் தேறிவிட்டான் என்று சுற்றியிருப்பவர்கள் நினைத்துவிடுகிறார்கள். அந்த நினைப்புதான் ஆளைக் கொல்வது. பாட்டில் என்ன ஆயிற்று என்று நான் விசாரிக்கவில்லை.

சறுக்கலைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். விழுவதற்கும் எழுவதற்கும்தான் முதலில் பயிற்சி. பக்கவாட்டில், இடுப்பின் மேல் விழ வேண்டும். எழும்போது இரண்டு ஸ்கீக்களையும் சரிவுக்குக் குறுக்கே வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு ஸ்கீ முனைகளை நெருக்கிப் பின்பக்கத்தை அகட்டி வேகத்தைக் குறைப்பது. சர்வதேச ஸ்கீ சம்மேளனம் சறுக்குகிறவர்களுக்கென்று 10 விதிகள் வைத்திருக்கிறது. முன்னால் போகிறவருக்கே வழியுரிமை, பின்னால் வருகிறவர்தான் விலகிப் போக வேண்டும் என்பது அதில் ஒன்று. குறுகலான இடத்திலும், மேலிருந்து வருகிறவர் கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் நிற்கக் கூடாது என்பது இன்னொன்று. விபத்து நடந்தால் நின்று உதவ வேண்டும் என்பதும் விதியாகவே இருக்கிறது. எனக்கு ஸ்கீ சரியாக வரவில்லை. முழங்கால் ஒத்துழைக்கவில்லை. பெரிய வருத்தம் ஒன்றுமில்லை.

எனக்கு அந்தப் பயணத்தின் சாரமாகத் தோன்றியது அதற்குப் பிறகு நடந்தது. பாதுகாப்பான ஒரு சிறு மேட்டின் ஓரத்தில் மாஸ்டர் இடுப்பளவுக்குப் பனியை வெட்டிச் சுவர் போலச் செதுக்கினார். எங்களை ஒவ்வொருவராக வரச்சொல்லிக் கையுறையோடு அதை அழுத்திப் பார்க்கச் சொன்னார். மேலே ஒரு சாண் அளவுக்கு இருந்த அடுக்கில் ஒரு விரலைத்தான் குத்த முடிந்தது. அதற்குக் கீழே இருந்ததில் என் முஷ்டி முழுதாக உள்ளே போய்விட்டது. இழுத்தபோது ஒன்றோடொன்று ஒட்டாத குறுமணிகள் பொலபொலவென்று கொட்டின. கெட்டியான பலகை மேலே, பிடிப்பில்லாத மணிகள் கீழே. சரிவான இடத்தில் ஓர் ஆளின் எடை ஏறினாலே போதும், பலகை மொத்தமாக விடுபட்டுக் கிளம்பிவிடும். பனிச்சரிவில் சிக்குகிறவர்களில் பெரும்பாலோர் விஷயத்தில் அதைக் கிளப்பிவிட்டது அவர்களோ அவர்களோடு வந்தவர்களோதான். 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில்தான் இது மிகுதி. கைத்தடியைச் சரிவில் கிடத்தி, கைப்பேசியை அதன் மேல் வைத்துச் சாய்மானம் பார்க்கக் கற்றோம். முந்தின நாள் பெருமழையாகப் பனி கொட்டியிருந்தால், காற்று அதை ஒரு பக்கமாக அள்ளிக் குவித்திருந்தால், திடீரென வெயில் ஏறினால், காலடியில் விரிசல் ஓடினால், 'வூம்ப்' என்று பனி அமுங்கும் ஒலி கேட்டால், அங்கிருந்து விலகிவிட வேண்டும்.

அடுத்தது பீக்கன். மார்பில் கட்டிக்கொள்ளும் சிறு ரேடியோக் கருவி அது. உலகம் முழுவதும் ஒரே அலைவரிசை, 457 கிலோஹெர்ட்ஸ். எல்லோருடைய பீக்கனும் சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கும். யாராவது புதைந்துவிட்டால் மேலே இருப்பவர்கள் அத்தனை பேரும் தங்களுடையதைத் தேடும் நிலைக்கு மாற்ற வேண்டும். ஒருவர் மறந்தாலும் மற்றவர்கள் அவரைத்தான் கண்டுபிடிப்பார்கள். மாஸ்டர் ஒரு பையில் பீக்கனை வைத்து எங்களுக்குத் தெரியாமல் புதைத்துவிட்டு, கையில் கடிகாரத்தோடு நின்றார்.

ஓட்டம், கூச்சல், ஆளுக்கொரு திசை. திரையில் தூரத்தைக் காட்டும் எண் நாற்பதிலிருந்து இருபதுக்கு வந்தது, திடீரென்று முப்பத்தைந்துக்குத் தாவியது, அம்புக்குறி வலமும் இடமும் ஆடியது. மாஸ்டர் எல்லோரையும் நிறுத்தி, ஒரு பையனின் கையைச் சுட்டிக்காட்டினார். பீக்கனுக்குப் பக்கத்திலேயே கைப்பேசியைப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். கைப்பேசியின் மின்காந்தம் பீக்கனைக் குழப்பும். தேடும்போது அரை மீட்டருக்குள் அது இருக்கவே கூடாது. கைப்பேசிகளை அணைத்துவிட்டுத் திரும்பத் தொடங்கினோம். எண் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியதும் ஓட்டத்தை நிறுத்தி, பீக்கனைப் பனியோடு ஒட்டிப் பிடித்து, நேர்க்கோட்டில் முன்னும் பின்னும், பிறகு குறுக்கே. எண் மிகக் குறைவாக வந்த இடத்தில், மடக்கி வைத்திருந்த நீளக் கம்பியை நீட்டிச் சரிவுக்குச் செங்குத்தாகக் குத்த வேண்டும். கிடைக்காவிட்டால் ஒரு முழத்துக்குள் தள்ளிச் சுற்றிச் சுற்றிக் குத்திக்கொண்டே போக வேண்டும். பனியில் கம்பி ஒரு விதமாக இறங்குகிறது, தரையில் டக்கென்று நிற்கிறது, பையில் பட்டபோது மெத்தென்று தள்ளியது. அந்த வித்தியாசத்தைக் கைதான் கற்றுக்கொள்ள வேண்டும், காகிதத்தில் எழுதிக் காட்ட முடியாது. கம்பியை உருவாமல் அப்படியே விட்டுவிட்டு, சரிவின் கீழ்ப்பக்கமாகத் தள்ளி நின்று, மேல்நோக்கித் தோண்டினோம். முன்னால் ஒருவர் வெட்ட, பின்னால் இருப்பவர்கள் பனியை ஷவல் என்ற வாரியால் பின்னுக்குத் தள்ளிவிட வேண்டும். வெட்டுகிறவரை அடிக்கடி மாற்ற வேண்டும். சரக்கு ஏற்றி இறக்கிப் பழகிய எங்கள் ஆட்கள் அதில் மட்டும் மாஸ்டரை அசத்திவிட்டார்கள்.

புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரம் தாண்டிவிட்டால் மூன்றில் ஒருவர்தான். பனிச்சரிவு நின்றதும் இறுகிவிடும், உள்ளே இருப்பவரால் விரலைக்கூட அசைக்க முடியாது. இந்தக் கணக்கில் போலீசும் மீட்புப் படையும் ஹெலிகாப்டரும் வந்து சேர நேரமே இல்லை. பக்கத்தில் நிற்கிற கூட்டாளிதான் மீட்புப் படை. அவரிடம் பீக்கனும் கம்பியும் ஷவலும் இருக்க வேண்டும், மூன்றையும் உபயோகிக்கத் தெரிந்திருக்க வேண்டும். பீக்கன் மட்டும் இருந்து ஷவல் இல்லை என்றால், எங்கே புதைந்திருக்கிறார் என்று தெரிந்துகொண்டு கையைப் பிசைந்து நிற்கலாம்.

ஓரிரவு முழுவதும் பனி கொட்டிக் காற்றும் அடித்து ஓய்ந்த காலை அது. கோண்டோலா என்ற கம்பிவட ஊர்தியின் முதல் கட்டம் கொங்தூரி வரை போகிறது. இரண்டாம் கட்டம் 4,000 மீட்டரை நெருங்கும் அஃபர்வாட் தோளுக்கு. இரண்டாம் கட்டத்துக்கும் டிக்கெட் எடுத்தாகிவிட்டது, எல்லோரும் கிளம்புங்கள், மேலிருந்து வழிகாட்டியோடு சறுக்கலாம் என்றார் ஏற்பாட்டாளர். மேலே ஸ்கீ பேட்ரோல் என்ற பாதுகாப்புக் குழு கண்காணிப்பது ஒரு குறிப்பிட்ட எல்லையைத்தான். அதைத் தாண்டினால் அவரவர் பாடு. மாஸ்டர் அன்றைய பனிச்சரிவு அறிக்கையைக் காட்டி வேண்டாம் என்றார். டிக்கெட் பணம் திரும்ப வராது என்றார் ஏற்பாட்டாளர். எந்த விதியில் அப்படி இருக்கிறது என்றேன். பதில் வரவில்லை. அதற்குள் கூட்டம் பிளவுபட்டது. "இவ்வளவு தூரம் வந்து அதைப் பார்க்காமல் போவதா?" என்று நாலு பேர்; தயங்கினாலும் வாய் திறக்காமல் நின்றவர்கள் அதைவிட அதிகம்.

மாஸ்டர் முந்தின நாளே ஒரு வழக்கத்தை ஏற்படுத்தியிருந்தார். போகலாமா என்று எல்லோரையும் தனித்தனியாகக் கேட்பார், வயதில் இளையவரிலிருந்து தொடங்கி. ஒரே ஒருவர் வேண்டாம் என்றாலும் யாரும் போகக் கூடாது. ஏன் என்று அவரைக் குடையவும் கூடாது. அன்று அப்படியே கேட்டார். கிரேன் ஆபரேட்டரின் மகள், பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறவள், "எனக்கு வேண்டாம்" என்றாள். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. கூட்டத்தில் எத்தனையோ பேர் மூச்சு விட்டதை நான் பார்த்தேன். கீழே புல்வெளிச் சரிவிலேயே சறுக்கினோம். இரண்டாம் கட்டத்தை அன்று திறக்கவே இல்லை என்று பிறகு தெரிந்தது. திறந்திருந்தாலும் நாங்கள் போயிருக்க மாட்டோம், எனக்கு அதுதான் பெரிது. பாதுகாப்புக் கூட்டங்களில் பெரியவர் பேசிய பிறகு சின்னவர் வாய் திறப்பதில்லை என்பதை எத்தனையோ ஆண்டுகளாகப் பார்க்கிறேன். இளையவரிலிருந்து கேட்கும் வழக்கத்தை இப்போது எங்கள் யார்டிலும் கொண்டு வந்திருக்கிறேன். மேலதிகாரிகளுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

அந்த அறிக்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்கும் டி.ஜி.ஆர்.ஈ. என்ற ஆய்வு நிறுவனம் இமயமலைப் பகுதிகளுக்குப் பனிச்சரிவு முன்னறிவிப்பு தருகிறது. ஜம்மு காஷ்மீர் பேரிடர் மேலாண்மை ஆணையம் மாவட்ட வாரியாக எச்சரிக்கை வெளியிடுகிறது. ஆபத்தை 5 நிலைகளாகப் பிரிக்கிறார்கள். என் தகப்பனார் காசிமேட்டில் கடலுக்குப் போனவர். துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று கேட்காமல் வலையைத் தொட மாட்டார். கூண்டு 11 வரை இருக்கிறதே, 3 தானே என்று யாரும் கடலில் இறங்குவதில்லை. 3 என்றாலே படகு கரையில்தான். பனிச்சரிவு எண்ணும் அப்படிப்பட்டதுதான். 5இல் 3 என்றால் நடுத்தரம், சமாளிக்கலாம் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். ஐரோப்பாவில் பனிச்சரிவு மரணங்களில் பெரும்பங்கு நடப்பது அந்த 3ஆம் நிலையில்தான். 4, 5 என்றால் வெளியே போகிறவர்கள் குறைவு, 3இல் போகிறார்கள். கூண்டு எண்ணைக் காலம் காலமாக அச்சிட்டு வருகிறீர்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை, பனிமலைச் சுற்றுலா விளம்பரம் வருகிற பக்கத்திலேயே இந்த எண்ணையும் ஒரு மூலையில் போட முடியாதா?

தமிழ்நாட்டுக்கும் பனிச்சரிவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறவர்கள் 2016ஐ நினைத்துப் பார்க்கலாம். பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் பனிச்சரிவு புதைத்த 10 வீரர்களும் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19ஆவது பட்டாலியனைச் சேர்ந்தவர்கள். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். கடமைக்காகப் போனவர்களை வேடிக்கைக்குப் போகிறவர்களோடு ஒப்பிடவில்லை. பனிச்சரிவு எங்கோ யாருக்கோ நடப்பது என்ற பேச்சுக்குத்தான் இந்தப் பதில்.

நம் மலைக்கே வருவோம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சென்னையிலிருந்து குழுவாக மலையேறப் போனவர்களும் அவர்களில் உண்டு. அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கு விதிமுறை வந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளோடு 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கியது. பயிற்சி பெற்ற வழிகாட்டி, முன்பதிவு, எந்தப் பாதை எவ்வளவு கடினம் என்ற வகைப்பாடு எல்லாம் இருக்கின்றன. நம் மலையில் ஏற இவ்வளவு முறை இருக்கிறது. இங்கே பணம் வாங்கிக்கொண்டு இமயமலைப் பனிக்கு அழைத்துப் போகிறவரிடம் இங்கே யாரும் ஒன்றும் கேட்பதில்லை. சுற்றுலாத் துறை கேட்க வேண்டும். அது கேட்கிறவரை பணம் கட்டுகிறவர்கள் கேட்கலாம். எங்களோடு வரும் பயிற்றுநர் எங்கே பயிற்சி பெற்றவர்? (குல்மார்க்கிலேயே மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது; மணாலியிலும் உத்தரகாசியிலும் மலையேற்ற நிறுவனங்கள் உண்டு. பதில் சொல்வது ஒன்றும் கஷ்டமில்லை.) கோண்டோலாவில் மேலே போவதாக இருந்தால் ஆளுக்கொரு பீக்கன், கம்பி, ஷவல் தருவீர்களா? எச்சரிக்கை வந்து பயணம் நின்றால் டிக்கெட் பணம் யாருடையது? இந்தக் கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். மலையில் தவறான முடிவெடுக்கத் தூண்டுவது பெரும்பாலும் அந்தப் பணம்தான். காப்பீட்டுப் பத்திரம் இருந்தால் பனிச்சறுக்கு அதில் விலக்கப்பட்டிருக்கிறதா என்றும் படித்துப் பாருங்கள். பொடி எழுத்தில் இருக்கும்.

பயிற்சிக்குப் பனி வேண்டுமே, சென்னையில் எங்கே போவது என்று ஏற்பாட்டாளர்கள் சொல்லக்கூடும். எங்கள் கூட்டம் பணம் திரட்டிச் சில பீக்கன்கள் வாங்கியிருக்கிறது. எண்ணூர் தாழங்குப்பத்தில், கடல் அரித்தது போக மிஞ்சியிருக்கும் மணலில், ஒன்றைப் பையில் போட்டுப் புதைத்துவிட்டு மற்றவற்றால் தேடிப் பழகுகிறோம். ரேடியோ அலைக்கு மணலும் பனியும் ஒன்றுதான். எண் குறைவதும் அம்பு ஆடுவதும் அப்படியேதான் நடக்கின்றன. கம்பி மட்டும் மணலில் எளிதாக இறங்காது. அதற்காகத் தளர்வாக மூடிய குழி ஒன்று வைத்திருக்கிறோம். வலை உலர்த்துகிறவர்கள் முதலில் எங்களைப் புதையல் தேடுகிறவர்கள் என்று நினைத்தார்கள். இப்போது அவர்கள் பிள்ளைகள்தான் பையைப் புதைத்துவிட்டு வந்து கடிகாரம் பிடிக்கிறார்கள். எங்களைவிட ஆழமாகவே புதைக்கிறார்கள்.

அடுத்த குளிர்காலத்துக்கான முன்பதிவு அக்டோபரிலேயே தொடங்கிவிடும். அதற்கு முன் ஒரு கட்டுரை வெளியிடுங்கள். அறைவாடகையும் சாப்பாடும் அதில் இருந்துவிட்டுப் போகட்டும், இவையும் இருக்க வேண்டும். உங்கள் நிருபர் வருவதானால் ஞாயிறு காலையில் தாழங்குப்பத்துக்கு அனுப்புங்கள். அவர் கையிலும் ஒரு பீக்கன் கொடுத்துத் தேடச் சொல்கிறோம். எட்டு மணிக்குள் வரச் சொல்லுங்கள், பிறகு மணல் சுடும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
திருவொற்றியூர், சென்னை – 600019